இடக்கை மோதிரத்து மாப்பிள்ளை

தன் வாழ்க்கையில் இரண்டே காரியங்களை உருப்படியாகச் செய்ததாக அல்பின் கோர்டெஸ் சொல்லிக்கொள்வான். ஒன்று தொப்பி. மற்றது காத்திருப்பது. "ரெண்டாவதுல எனக்குப் போட்டிக்கு ஆளே கிடையாது" என்பான்.

லான் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பல்கலைக்கழகத்துக்கு ஏறுகிற கல் பாவிய தெருவின் பாதி மேட்டில் அவன் கடை இருந்தது. ஏறி வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்கும். சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உள்ளே வந்து ஒரு தொப்பியைப் போட்டுப் பார்ப்பார்கள். அவனுடைய வியாபார சாமர்த்தியம் மொத்தமும் அவ்வளவுதான். பெரிய சண்டைக்கும் போய் வந்தவன். நான்கு வருடமும் சாமான் கிடங்கில் சிப்பாய்களுக்குத் தொப்பி அளந்து கொடுத்தான். ஒரே ஒரு தடவை துப்பாக்கி சுட்டான், அதுவும் தன் பூட்ஸையே. "நல்ல வேளை, கால் அப்ப உள்ள இல்ல" என்று பீர் மேஜையில் அவனே எடுத்துவிடுவான். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட்டால் வலி பாதியாகும் என்பது அவன் கண்டுபிடிப்பு. அந்த மலைமேட்டில் எத்தனையோ கண்டுபிடிப்புகள் நடந்திருக்கின்றன. இது ஒன்றுக்குத்தான் யாரும் பாராட்டி மேஜை தட்டவில்லை.

டாக்டர் தெக்லா ரைமர்ஸ் அவன் கடைக்குள் வந்தது சண்டை முடிந்து மூன்றாவது வருடம். எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்த முதல் பெண் அவள். வடக்கே கடலோரத்துக்காரி. நெடுநெடுவென்று இருப்பாள், மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்காது. ஆகவே மூச்சு வாங்க நிற்கிற ரகம் இல்லை என்று பார்த்ததுமே அல்பினுக்குத் தெரிந்துவிட்டது.

"கெட்டியான கம்பளித் தொப்பி நாலு வேணும். எல்லாம் ஒரே தடிமனா இருக்கணும்."

"தலை அளவு சொல்லுங்கம்மா."

"தலைக்கு இல்ல."

"பின்ன?"

"மேஜைக் காலுக்கு."

அல்பின் ஒரு நிமிடம் யோசித்தான். வாடிக்கையாளரை எதிர்த்துப் பேசாதே என்பது அப்பன் சொல்லிக்கொடுத்த தொழில் தர்மம். "மேஜை எந்த விசேஷத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகுதுங்க?" என்று பணிவாகக் கேட்டான். ஊரில் யாரும் பார்த்திராத ஒன்றை அன்றைக்கு அவன் பார்த்தான். டாக்டரம்மா சிரித்தாள்.

விஷயம் இதுதான். வாயுவை மின்சாரத்தால் ஒளிரவைத்து, அந்த வெளிச்சத்தைப் பிரித்தால் நிறம் நிறமாகக் கோடுகள் விழும். அதில் ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடு இருந்தே தீர வேண்டும் என்று அவள் கணக்கு சொன்னது. யாரும் அதைப் பார்த்ததில்லை. அதைப் புகைப்படத் தகட்டில் பிடிக்க, நாள்கணக்கில் கருவி அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் பீர் பீப்பாய் வண்டி தெருவில் போகும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கி, ஒரு வார உழைப்பு மாவாகிவிடும். பேராசிரியர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் பல்கலைக்கழகத்தை வேண்டுமானால் நிறுத்தலாம், பீரை நிறுத்த முடியாது. அதனால்தான் தொப்பி.

அல்பின் நான்கு தொப்பியையும் தானே சுமந்துகொண்டு போனான். பழக்கதோஷத்தில் நான்குக்கும் பட்டு நாடா வேறு கட்டியிருந்தான். நாடாவோடேயே அவை மேஜைக் காலடியில் போயின. "என் தொப்பியைப் போட்டவங்கள்லயே அசையாம நின்னது அந்த மேஜை ஒண்ணுதான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்புறம் மத்தியான நேரங்களில் தூக்குவாளியில் உருளைக்கிழங்கு சூப்போடு மேடேறத் தொடங்கினான். கருவி அறைக்குள் அவனுக்கு அனுமதி இல்லை. அவன் நடந்தால் தரை அதிர்கிறதாம். நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் வந்து சூப் குடிக்கும்வரை மூச்சைக்கூட அளந்து விடுவான். வேலையைப் பற்றி அவள் சொல்வதில் ஒரு எழுத்தும் அவனுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டமாட்டான், அது ஒன்றுதான் அவளுக்கு அவனிடம் பிடித்தது என்று நினைக்கிறோம். மலை மேலே தலையாட்டுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த வருடம் ஆற்றங்கரையில் வைத்து அவன் கேட்டுவிட்டான். அவள் நின்றாள்.

"கல்யாணம் பண்ணா எனக்கு வேலை போயிடும், அல்பின். தெரியும்ல?"

தெரியும். புருஷன் உள்ள பெண்ணுக்கு அரசாங்கச் சம்பளம் எதற்கு, அந்த இடத்தைக் குடும்பஸ்தன் ஒருவனுக்குக் கொடு என்று மேலிடத்தில் முடிவெடுத்திருந்த காலம் அது.

"அப்ப பண்ண வேண்டாம்" என்றான் அல்பின். "பண்ணப் போறோம்னு மட்டும் வெச்சுக்குவோமே, டாக்டரம்மா."

"எத்தனை நாளைக்கு?"

"அந்தக் கோடு சிக்குற வரைக்கும். அப்புறம் யோசிப்போம். எனக்கு என்ன அவசரம்? தொப்பிக்கடைக்காரனுக்கு முடி கொட்டினாலும் யாருக்கும் தெரியாது."

நிச்சயமானால் மோதிரத்தை இடது கையில் போடுவோம். கல்யாணம் ஆனதும் அதே மோதிரம் வலது கைக்கு மாறும். அல்பினின் மோதிரம் இடது கையிலேயே ஆறு வருடம் இருந்தது. ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமை கை கோத்து நடக்கலாம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் சாப்பிடலாம். நிச்சயமானவர்களுக்கு ஊர் தருகிற சலுகை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர்கள் குடித்தனம் நடத்தாத குறையாக ஆறு வருடம் ஓட்டினார்கள். ஊருக்கோ மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அவனுக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் வைத்துவிட்டோம். "என்ன மாப்பிள்ளை, பந்தி எப்போ?" என்று கசாப்புக்கடை குண்ட்ராம் கேட்காத நாள் கிடையாது. "பன்னியை இப்பவே கொழுக்க வைக்கட்டுமா, இல்ல அதோட பேரனையா?"

"பேரனோட பேரனை வெச்சுக்கோ" என்பான் அல்பின். "எனக்கு அப்ப பல் இருக்காது, நல்லா வேக வெச்சிரு."

ஆறாவது வருடம் வசந்தத்தில், கோடு கிட்டத்தட்ட சிக்கிவிட்டது. தகட்டில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, இன்னும் ஒரு குளிர்காலம் கருவி என் கையில் இருந்தால் போதும் என்று தெக்லா சொன்னாள். அவளுடைய பதவியை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த மாதம்தான் மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனி யாரை விட்டது. மேயருடைய தொப்பிக்கு ஆவி காட்டும்போது கெட்டிலின் மூடி வழுக்கி, அல்பினின் இடது மோதிர விரல் வெந்துவிட்டது. விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கியது. வெண்ணெய் தடவி, கடவுளைக் கூப்பிட்டு, மோதிரத்தை உருவி எடுத்தான். சட்டைப்பையில் போட்டால் ஓட்டை. மேஜையில் வைத்தால் மறதி. ஆறு வருடமாக உடம்பில் இருந்த பொருளைப் பிரியவும் மனமில்லை. வலது கையில் மாட்டிக்கொண்டான். மூளை உள்ள எந்த மனிதனும் எங்கள் ஊரில் அதைச் செய்திருக்கமாட்டான்.

மறுநாள் காலை ரொட்டி வாங்க நீட்டியது அந்த வலது கையைத்தான். ரொட்டிக்கடை மெக்டில்டம்மாவின் கண் அதன் மேல் விழுந்தது. அவள் முகம் அடுப்பு மாதிரி சிவந்தது.

"ஒருவழியா முடிஞ்சுதா, கோர்டெஸ்?"

"ஆமாம்மா, நேத்து" என்றான் அவன், விரலை நினைத்துக்கொண்டு. "சத்தம் போடாம இருக்க எவ்வளவோ பார்த்தேன், முடியல."

"யாரும் கூட இல்லையா?"

"யாரைக் கூப்பிடறது? ஒரு நிமிஷத்துல நடந்து போச்சு."

மெக்டில்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னல் ரொட்டி ஒன்றைக் காசு வாங்காமல் அவன் கையில் திணித்தாள். வெந்த விரலுக்கு இவ்வளவு பரிவா என்று அல்பின் நெகிழ்ந்துபோனான். தெருவில் எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வலிக்கிற கையைப் பிடிக்காமல் மற்றதைப் பிடிக்கிறார்களே, எவ்வளவு நாகரிகமான ஊர் என்றும் நினைத்துக்கொண்டான். அவன் அறிவுக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

சாயங்காலம் கடையை மூடும்போது முதல் தட்டு வந்து விழுந்தது.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் பழைய பீங்கானைப் போட்டு உடைப்பது எங்கள் வழக்கம். உடைகிற சத்தத்தில் கெட்டது ஓடிவிடும். உடைத்த சில்லுகளைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும், வேறு யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது. ஊரைக் கூப்பிடாமல் ரகசியமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டவனை ஊர் சும்மா விடுமா? காதில் பூ வைத்தவனுக்கு அவன் கடை வாசலிலேயே பாடம் என்று, தெருவே கூடைகூடையாகப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. ஆறு வருடம் காத்திருந்த ஆத்திரம் எங்களுக்கும் இருந்தது. மெக்டில்டம்மா தன் பாட்டன் காலத்து சூப்புக் கிண்ணத்தை உடைத்தாள். குண்ட்ராம் ஒரு கழிப்பறைப் பீங்கானையே கொண்டுவந்திருந்தான்.

"விரல் வெந்துபோச்சு!" என்று கத்தினான் அல்பின், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டி. "வீங்கினதால மாத்திப் போட்டேன்!"

"விரல் வெந்ததாம்!" குண்ட்ராம் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "ஆறு வருஷம் யோசிச்சு இதைவிட நல்ல பொய் கிடைக்கலையா மாப்பிள்ளை?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்தின் டீன் ஓஸ்டர்மான் வந்தார். கெட்டவர் இல்லை. சங்கடமான காரியங்களைச் சங்கடப்பட்டுக்கொண்டே ஒழுங்காகச் செய்து முடிக்கிற மனிதர். அல்பினைச் சுவரோரம் அழைத்துப் போனார்.

"உண்மையா, கோர்டெஸ்?"

"சத்தியமா இல்லீங்க. விரலைப் பாருங்க."

"நான் நம்பறேன். ஆனா விரல் ஒரு பிரச்சினையே இல்ல." டீன் கண்ணாடியைத் துடைத்தார். "கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுக்கு எதுக்கு இடத்தை நீட்டிக்கணும்னு மேல கேக்கறாங்க. ரெண்டு பிள்ளைகளோட ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். இதுவரைக்கும் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். இப்ப ஊரே வாசல்ல நின்னு தட்டு உடைக்குது. நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்? இன்னைக்கு ஆகல, அடுத்த மாசம் ஆகும்னா?"

"நிச்சயமே இல்லேன்னா?"

"இல்லேன்னா கேள்வியே வராது."

அல்பின் தலை குனிந்து வாசலைப் பார்த்தான். முழங்கால் உயரத்துக்குச் சில்லு கிடந்தது. அதில் பாதி நல்ல பீங்கான். அவ்வளவு நல்ல பீங்கானை உடைக்கிற அளவுக்கு இந்த ஊருக்குத் தன் மேல் பிரியம் இருந்திருக்கிறதே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, தனக்கு நன்றாக வருகிற ஒரே வித்தையைக் கையில் எடுத்தான். கடைப் படியில் ஏறி நின்றான்.

"கேளுங்க எல்லாரும்! கல்யாணமும் இல்ல, நிச்சயமும் இல்ல. போன வாரமே டாக்டரம்மா என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

ஒரு தட்டு யார் கையிலோ நின்றுவிட்டது.

"மோதிரத்தைக் கழட்ட வெக்கமா இருந்துச்சு. வலது கையில போட்டா கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைச்சு நாலு நாளைக்காவது மரியாதை குடுப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க இவ்வளவு சீக்கிரம் தட்டோட வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் தெருவே வெடித்துச் சிரித்தது. குண்ட்ராமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மெக்டில்டம்மா மட்டும் "என் சூப்புக் கிண்ணம்!" என்றாள். டீன் தொப்பியைத் தூக்கி அல்பினுக்கு வணக்கம் வைத்துவிட்டு மேடேறிப் போனார். மெல்ல மெல்ல எல்லாரும் கலைந்தோம். வேண்டாமென்று தள்ளப்பட்டவன் வாசலில் எவ்வளவு நேரம் நின்று சிரிப்பது?

தெருவிளக்கு ஓரமாக தெக்லா நின்றிருந்ததை அல்பின் அதற்குப் பிறகுதான் பார்த்தான். எப்போது வந்தாளோ. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நேராகக் கடைக்குள் போய் இரண்டு துடைப்பத்தோடு வெளியே வந்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

"நான் எப்ப உங்களை வேண்டாம்னு சொன்னேன்?" 'நீ' என்றே பேசுகிறவள் 'நீங்க' என்றால் அடை மழை வரப் போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"சொல்லல."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீங்களே, டாக்டரம்மா. ஒரு குளிர்காலம் வேணும்னீங்க. வாங்கிக் குடுத்திருக்கேன். மேஜைக் காலுக்குத் தொப்பி குடுத்த மாதிரின்னு வெச்சுக்குங்க."

அவள் குனிந்து கூட்டத் தொடங்கினாள். சில்லுகள் கல்லில் கிறீச்சிட்டன.

"நல்லா நடிச்சேனா?" என்றான்.

"கேவலமா நடிச்சே." 'நீ' திரும்பி வந்திருந்தது. "ஆனா ஒருத்தர்கூட சந்தேகப்படல, பார்த்தியா? இவ வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்னு உடனே நம்பிட்டாங்க. இவளுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்குமான்னு." துடைப்பத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு அவள் அழுதாள்.

"அட, அதுக்கா?" என்றான் அல்பின். "என்னை ஒருத்தி வேண்டாம்னு சொன்னான்னா நானே நம்புவேன். என் மூஞ்சியைப் பார்த்து நம்பினாங்க. உங்களைப் பார்த்து இல்ல."

இருவரும் சேர்ந்துதான் அவ்வளவையும் அள்ளினார்கள். எதிர் மாடி ஜன்னல் திரைகள் அசைந்தன. நாங்கள் பார்த்தோம். பார்த்ததை அன்றைக்கு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது என் நினைவில் அந்த ஒரு தடவைதான்.

நிச்சயம் முறிந்த ஆணும் பெண்ணும் கை கோத்து நடக்க முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் அவள் முன்னால் போவாள், அவன் பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் போவான். கதையைக் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், துரத்திவிட்டும் நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே போறானே" என்பார்கள். அவன் தொப்பியைத் தூக்கி அவர்களுக்கும் வணக்கம் வைப்பான். அவள் திரும்பிப் பார்க்காமலேயே பேசிக்கொண்டு போவாள். காற்று சாதகமாக இருந்தால் அவனுக்குப் பாதி கேட்கும். "மீதிப் பாதி கேட்டிருந்தாலும் எனக்குப் புரிஞ்சிருக்காது" என்பான்.

அந்தக் குளிர்காலத்தில் கோடு சிக்கியது. பெரிய மண்டபத்தில் அவள் தகட்டை வெளிச்சத்தில் காட்டிய அன்று, பேராசிரியர்களும் மாணவர்களும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டிய சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அல்பினுக்கு மேஜை இல்லை. மடியில் வைத்திருந்த தொப்பிப் பெட்டியை அடித்து அடித்து ஓட்டையாக்கினான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "இன்னும் மறக்கல போல" என்று பக்கத்திலிருந்தவர் இரங்கினார்.

அடுத்த குளிர்காலம் முடியுமுன் நெஞ்சில் சளி கட்டி அல்பின் செத்துப்போனான். நாற்பத்திரண்டு வயது. கடைசி நாட்களில் தெக்லா பகலெல்லாம் அவன் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். கதவைத் திறந்து வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்கு நேர் பின்னால் விதவை நடப்பாள். விதவை இல்லையென்றால் நெருங்கிய சொந்தம். அல்பினுக்குச் சொந்தம் என்று காஸெல் நகரிலிருந்து ஒரு சித்தப்பா மகன்தான் வந்திருந்தான். அவன் அந்த இடத்தில் போய் நிற்கப் போகும்போது தெக்லா வந்தாள். தலை முதல் இடுப்பு வரை கறுப்பு முக்காடு, விதவைகள் மட்டும் போடுவது. அவன் தோளை மெல்லத் தொட்டு நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள். பல்கலைக்கழகம் முழுக்க அங்கே இருந்தது. பாதிரியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு டீனைப் பார்த்தார். நாங்கள் எல்லாருமே டீனைத்தான் பார்த்தோம்.

டீனுடைய மனைவி அவர் காதில் சொன்னது, அமைதியில் எங்களுக்கும் கேட்டது.

"இப்ப இவங்களுக்கு வேலை போயிடுமா?"

டீன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"புருஷன் இருக்கறவங்களுக்குத்தான் தடை" என்றார். "விதவைக்கு எதிரா சட்டத்துல ஒண்ணும் இல்ல."

இதை மட்டும் அல்பின் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊர்வலம் நகர்ந்தது. குழியருகே மண் தட்டை பாதிரியார் முதலில் அவளிடம்தான் நீட்டினார். "போடுங்க, கோர்டெஸ் அம்மா" என்றார்.